தீவகமும் இரணவைத்தியமும்: தலை-கழுத்துச் சத்திரசிகிச்சை அறிவின் பரவல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு எழுதப்படும்பொழுது அது பெரும்பாலும் பெருமருத்துவர்களின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. புதிய சத்திரசிகிச்சை முறையொன்றை முதன்முதலிற் கையாண்டவர் யார், எவ்வாண்டிற் கையாண்டார் என்பன நுணுக்கமாகப் பதியப்படுகின்றன. அவருக்குப் பின் ஆயிரம்பேர் அதனை எவ்வாறு கற்றனர், கல்லூரியை விட்டு நீங்கிய வைத்தியர் தம் தொழிலின் நடுவிலே புதியனவற்றை யாரிடமிருந்து எந்த மொழியில் அறிந்துகொண்டார், அவ்வறிவு எந்தத் துறைமுகத்தோடு நின்றுபோயிற்று ஆகிய வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. இவ்வினாக்களைத் தலை, கழுத்துப் பகுதிகளின் சத்திரசிகிச்சை தொடர்பாக யாழ்ப்பாணத் தீவகத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தீவகத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் வெற்றிலைத் தட்டம் இல்லாத வீட்டைக் காண்பது ஒரு காலத்தில் அரிதாயிருந்தது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த கூட்டு வாயிலே புற்றுநோயைத் தோற்றுவிக்கும் என்பது இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வயிற்றினுள்ளோ ஈரலினுள்ளோ மறைந்து வளரும் நோயன்று இது. வாயைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது. அவ்வாறிருந்தும் நோயாளி சத்திரசிகிச்சை நிபுணரிடம் வந்து சேரும்பொழுது கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் கல்லாகியிருப்பதே பலவிடத்தும் வழக்கம். வாயிற் புண் தோன்றிய நாளுக்கும் கத்தி எடுக்கப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன நிகழ்கின்றது என்பது மருத்துவத்தைப் போலவே சமூக வரலாற்றுக்கும் உரிய பொருளாகும்.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவம் கால்கொள்வதற்கு முன்னரே தலை நோய்கள் தனியொரு பிரிவாகக் கற்கப்பட்டு வந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம் என்னும் மருத்துவத் தொகை நூலை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பதிப்பித்தபோது 1928-இல் வெளிவந்த முதற்பகுதி ‘சிரரோக நிதானம்’ ஆகும். கண், காது, மூக்கு, வாய் ஆகியவற்றின் நோய்களை ஒரு தொகுதியாகக் காணும் நோக்கு இங்கு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. ஏடு குடும்பத்துள் இருந்தது. கைப்பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. ஒரு பரம்பரை கண்டறிந்த பிழையை அடுத்த ஊர்ப் பரம்பரை அறியும் வழி இருக்கவில்லை.

இது தமிழர்க்கு மட்டும் உரிய குறையுமன்று. திப்பு சுல்தானுடன் நடந்த போரிலே சிறைப்பட்டு மூக்கறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் பூனாவுக்கு அண்மையில் நெற்றித் தோலைக்கொண்டு மூக்கு அமைக்கப்பட்டது. அக்கலை ஒரு சிறு தொழிற்குழுவினரின் கைவசம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. 1794-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஜென்ரில்மன்ஸ் மகசின் இதழில் அதுபற்றிய கடிதமொன்று படத்துடன் அச்சாகியது. அதன்பின் இருபது ஆண்டுகளுள், 1814-இல், ஜோசப் கார்ப்பு இலண்டனில் அச்சிகிச்சையைச் செய்தார். 1816-இல் நூலாகவும் வெளியிட்டார். பல தலைமுறைகளாக ஓரிடத்தில் அடங்கியிருந்த கலை ஓர் அச்சுத்தாளின் வழியாகக் கண்டம் தாண்டியது. கடிதத்திற் கலைஞனின் பெயர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அச்சும் கூட்டுழைப்பும் யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சையிற் புகுந்தமை அமெரிக்க மிசனுடன் தொடர்புடையது. ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் முன்னோடிகளாக இருந்தனர். எனினும் கல்வி என்ற வகையில் தனித்து ஆராயப்பட வேண்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) ஆவார். நியூயோர்க்கில் 1845-இல் பட்டம்பெற்று 1847-இல் யாழ்ப்பாணம் வந்த இவர் மறு ஆண்டே மானிப்பாயில் மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவர் வந்த காலம் சத்திரசிகிச்சை வரலாற்றில் ஒரு திருப்புமுனைக் காலமாகும். 1846 ஒக்ரோபர் 16-ஆந் திகதி பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கமருந்து முதன்முதலாகப் பலர்முன் வெற்றிகரமாகச் செய்துகாட்டப்பட்டது. அன்று ஜோன் கொலின்ஸ் வாரன் அறுத்தது ஓர் இளைஞனின் கழுத்தில், தாடைக்குக் கீழே இருந்த கட்டியையே. நோவில்லாச் சத்திரசிகிச்சையின் வரலாறு கழுத்தில் தொடங்கிற்று எனலாம். அடுத்த ஆண்டே கிறீன் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்.

கிறீனின் முதற்கட்ட மாணவர் ஆங்கிலத்திற் கற்றனர். கற்று முடித்தோர் ஊதியம் மிகுந்த அரச சேவையை நாடி ஊரைவிட்டு நீங்குவதை அவர் கண்டார். 1862-இல் தாயகத்திலிருந்து மீண்டுவந்தபின் தம் முறையை மாற்றிக்கொண்டார். 1864 தொடக்கம் தமிழே போதனாமொழியாயிற்று. தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே தங்குவான் என்பது அவர் கணிப்பு. அவரிடம் இரு கட்டங்களிலும் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

இங்கு நமது பொருளுக்கு நேரே உரியது 1867-இல் வெளிவந்த ‘இரணவைத்தியம்’ என்னும் நூல். இங்கிலாந்துச் சத்திரசிகிச்சையாளர் றொபேட் ட்றூயிற் எழுதிய கைந்நூலின் தமிழாக்கம் இது. மூலநூலின் பெயரிலுள்ள ‘வாடே மேக்கம்’ என்னும் இலத்தீன் தொடருக்கு ‘என்னுடன் வா’ என்பது பொருள். தேர்வுக்காகக் கற்று மூலையில் வைக்கும் நூலன்று. கல்லூரியை விட்டு நீங்கிய வைத்தியர் பையிலே கொண்டு திரிந்து, ஐயம் எழுந்த இடத்திற் புரட்டிப் பார்ப்பதற்கு எழுதப்பட்டது. இன்று தொடர்கல்வி என நாம் வழங்கும் கருத்து அந்நூலின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. அருகில் வேறு சத்திரசிகிச்சையாளர் எவருமில்லாத ஊரில் தனித்திருக்கும் வைத்தியருக்கு அதுவே ஆசிரியனும் உடன் தொழில்புரிவோனும் ஆயிற்று.

அதனைத் தொடர்ந்து 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. கிறே முதலியோரின் உடலமைப்பு நூல்களைத் தழுவிய அந்நூல், கிறேயின் மூலம் இலண்டனில் வெளிவந்த 1858-ஆம் ஆண்டுக்குப் பதினான்கு ஆண்டுகளின் பின் தமிழில் வந்தது. கழுத்தின் நாடிகளையும் நரம்புகளையும் அறியாமல் அங்கே கத்தி வைத்தல் கொலைக்கு ஒப்பாகும் என்பதைச் சத்திரசிகிச்சை பயின்றோர் அறிவர். அந்த வரைபடம் தமிழில் அன்றே இருந்தது. வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) ஆகியவை பின்னே வந்தன.

இந்நூல்கள் தனியொருவரின் ஆக்கங்கள் அல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. டான்போத், சப்மன் முதலான மாணவர்களே மொழிபெயர்த்தனர். கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். தமிழிலே சொல் உண்டாயின் அதனைக் கொள்வது, இல்லையாயின் வடமொழியை நாடுவது, அதுவும் இயலாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்ற ஒழுங்கு பின்பற்றப்பட்டது. கெமிஸ்தம் என்ற சொல்லைக் கண்டு இன்று நகைப்போர் உளர். ஒரு சொல்லுக்காக ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்து வாதாடிய ஒரு தொழிற்சமூகம் மானிப்பாயில் இருந்தது என்பதை அந்நகைப்பு மறைத்துவிடலாகாது. 1873-இல் கிறீன் மசாசுசெற்ஸ் திரும்பிய பின்னரும் அவ்வுறவு அறவில்லை. இறக்கும்வரை அங்கிருந்தே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். பிரதிகள் கப்பலேறிச் சென்று மீண்டன. கடல்கடந்த தொழிற் கூட்டுறவு என்று இன்று பெருமையுடன் பேசப்படுவதன் ஆரம்ப வடிவம் அதுவாகும்.

கிறீனின் பணியைப் போற்றுதலோடு நின்றுவிடுவது வரலாற்றாய்வுக்குப் போதாது. அவர் சமயப் பரப்புநராகவே வந்தார். வைத்தியம் அவருக்குச் சுவிசேஷத்தின் வாயிலாக இருந்தது. மேலும், தமிழிற் கற்றவன் ஊரைவிட்டுப் போகான் என்ற கணிப்பில் இரு பக்கங்கள் உண்டு. ஊருக்கு வைத்தியன் கிடைத்தான் என்பது ஒரு பக்கம். குடியேற்ற ஆட்சியில் உயர் பதவியும் ஊதியமும் ஆங்கிலத்திற்கே உரியனவாக இருந்தமையால், தமிழிற் கற்றவன் போக விரும்பினாலும் போக முடியாதவன் ஆனான் என்பது மறுபக்கம். 1870-இல் கொழும்பில் அரச மருத்துவக் கல்லூரி ஆங்கிலமொழியில் தொடங்கப்பட்டது. பட்டமும் பதவியும் அப்பாதையில் இருந்தன. மானிப்பாய்த் தமிழ்க் கல்வி கிறீனின் புறப்பாட்டுக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆட்சியும் பொருளாதாரமும் வேறொரு மொழியைப் பற்றிக்கொண்டிருக்கையில் ஒரு கல்லூரி மட்டும் மக்கள் மொழியைத் தாங்கி நிற்பது இயலாத காரியம். இதனைக் கிறீனின் தோல்வி என்பது பொருந்தாது.

இனி, நோயின் பக்கம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் தலையாய வணிகப் பயிர் புகையிலை. தீவகத்திலும், குறிப்பாக வேலணையில், அது செய்கைபண்ணப்பட்டது. அதன் முதன்மையான பிறநாட்டுச் சந்தை திருவிதாங்கூர். வெற்றிலையுடன் மெல்லுவதற்கென்றே பதப்படுத்தப்பட்ட புகையிலை பாய்க்கப்பல்களில் மலையாளக் கரைக்குச் சென்றது. ‘மலையாளப் புகையிலை’ என்ற பெயரே யாழ்ப்பாணத்தாரின் வழக்கில் நிலைத்துவிட்டது. 1863 வரை திருவிதாங்கூரில் புகையிலை வணிகம் அரசின் தனியுரிமை. யாழ்ப்பாணக் கமக்காரனின் செல்வமும் திருவிதாங்கூர் மன்னரின் வருவாயும் ஒரே இலையில் விளைந்தன.

அதே திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில், இலண்டன் மிசனின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. அங்கு வந்த நோயாளரிடையே வாய்ப் புற்றுநோய் அளவுக்கு மீறிக் காணப்பட்டமை சத்திரசிகிச்சையாளரைத் திகைக்கவைத்தது. 1908-இல் பென்ரல் தென் திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளர் பற்றிய தொகுப்பைப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அவ்வாண்டே அச்சஞ்சிகையில் பெல்ஸ் என்பவர் தென்னிந்திய வாய்ப் புற்றுநோய் பற்றி எழுதினார். 1933-இல் ஒர் என்பவர் த லான்செற் இதழில் திருவிதாங்கூரின் வெற்றிலை மெல்லும் பழக்கத்தையும் வாய்ப் புற்றுநோயையும் இணைத்து ஆராய்ந்தார். எவரெஸ்ற் மலையேறியவர் எனப் புகழ்பெற்ற ஹவார்ட் சொமவெல் 1920களில் நெய்யூருக்கு வந்து இரு தசாப்தங்களுக்கு மேலாக அங்கே சத்திரசிகிச்சை புரிந்தார். ஒரு சிற்றூர் வைத்தியசாலையில் மூன்று தலைமுறைச் சத்திரசிகிச்சையாளர் ஒருவர் குறிப்பின்மேல் மற்றவர் குறிப்பை எழுதி, ஒரு நோயின் காரணத்தை உலகுக்கு உணர்த்தினர். தலை-கழுத்துச் சத்திரசிகிச்சையிற் கூட்டாகக் கற்றல் என்பதற்கு நம் மொழிப் பரப்பில் இதனினும் சிறந்த சான்று இல்லை என்பது எமது கருத்து.

யாழ்ப்பாணத்துப் புகையிலைதான் நெய்யூர் நோயாளரின் புற்றுக்குக் காரணம் என இங்கு வாதிக்கப்படவில்லை. திருவிதாங்கூரில் பல்வகைப் புகையிலை வழங்கியது. பாக்கும் தனித்தே தீங்குடையது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டை 1985-இலும், பாக்கையே தனித்து 2004-இலும் புற்றுநோய்க் காரணிகளாக அறிவித்தது. நாம் சுட்ட விரும்புவது வேறு. புகையிலை சென்ற கடல்வழி இருதிசைப் பாதை. இலை போனது, பணம் வந்தது. அதே கரையில், தமிழர் வாய்களைப் பார்த்து எழுதப்பட்ட அறிவு மட்டும் அவ்வழியே வரவில்லை. அது இலண்டனுக்குச் சென்று ஆங்கிலத்தில் அச்சேறி, கொழும்பு நூலகங்களின் வழியாக, ஆங்கிலம் கற்ற வைத்தியருக்கு மட்டுமே திரும்பியது. மன்னாரும் பாக்குநீரிணையும் இடையில் இருந்த தூரத்திலும், இலண்டன் வழியாகச் சென்ற தூரம் பெரிது. குடியேற்றவாதம் அறிவின் பாதைகளை வளைத்த விதத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மேலைநாட்டில் இத்துறை வளர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1906-இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் கிரைல் 132 சத்திரசிகிச்சைகளின் அடிப்படையில், கழுத்தின் நிணநீர்க் கணுக்களை ஒரு தொகுதியாக அகற்றும் முறையை வெளியிட்டார். 1954-இல் ஹேய்ஸ் மாட்டினின் முன்முயற்சியில் அமெரிக்காவில் தலை-கழுத்துச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் அமைந்தது. 1958-இல் அங்கு அதே துறைக்கு இன்னொரு சங்கம் தோன்றி, நாற்பது ஆண்டுகள் இரண்டும் தனித்தனியே இயங்கி, 1998-இல் ஒன்றாயின. ஒரு கழுத்துக்கு இரண்டு சங்கங்கள் என்பது தொழிற்போட்டியின் அளவைக் காட்டும். பொதுச் சத்திரசிகிச்சையாளர் ஒருபுறமும் காது-மூக்கு-தொண்டை நிபுணர் மறுபுறமும் நின்றதே அப்பிளவின் அடிப்படை. இறுதியில் நோயின் இயல்பே அவர்களை ஒருங்கே அமர்த்தியது. நாக்கின் பாதியையும் தாடையின் ஒரு பகுதியையும் அகற்றியபின் வாயை மீளமைக்க ஒருவர், கதிர்மருந்து கொடுக்க ஒருவர், திசுவைப் பரிசோதிக்க ஒருவர், மீண்டும் விழுங்கவும் பேசவும் பழக்க ஒருவர் வேண்டும். இதனைத் தனியொருவர் செய்ய இயலாது.

தமிழ்நாட்டில் 1954-இலேயே முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் உருவாகி, எஸ். கிருஷ்ணமூர்த்தி, வி. சாந்தா ஆகியோரின் கையில் வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெருங்களமாயிற்று. இலங்கையில் 1949-இலே பல்வைத்தியர் பலேந்திரா வெற்றிலை மெல்லுதலுக்கும் கன்னப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பிரித்தானியப் பல்வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார். எனினும் இலங்கை உலகுக்களித்த தனிப்பங்களிப்பு என நாம் கருதுவது 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வாகும். கிராமங்களிற் பணிபுரியும் ஆரம்ப சுகாதாரப் பணியாளருக்குச் சிறிது பயிற்சியளித்தால், வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்துப் புற்றையும் அதன் முன்னறிகுறிகளையும் அவர்களால் இனங்காண முடியும் என்பதை அது நிறுவியது. நிபுணரின் கண் எட்டாத இடத்தில் மருத்துவமாதின் கண் எட்டும். ஆயினும் அனுப்பப்பட்டோரிற் கணிசமான பகுதியினர் மேற்பரிசோதனைக்குச் செல்லவில்லை என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. காரணங்கள் யாவரும் அறிந்தவை: நாட்கூலி இழப்பு, பஸ் கட்டணம், அச்சம்.

தீவகத்தில் இக்காரணங்களோடு கடலும் போரும் சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978-இல் தொடங்கியது. மக்கள் நெடுநாள் வேண்டிநின்ற ஒன்று அது. பன்னிரண்டு ஆண்டுகளுள், 1990-இல், ஊர்காவற்றுறையும் சூழவுள்ள தீவுகளும் போர்க்களமாகி, மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும் அப்பாலும் பெயர்ந்தனர். குடாநாட்டிலிருந்து தெற்கே செல்லும் தரைப்பாதை 2002 வரை அடைபட்டிருந்தது. 2006 ஓகஸ்ற் முதல் 2009 வரை மீண்டும் அடைபட்டது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நோயாளி கப்பலுக்கும் அனுமதிப் பத்திரத்துக்கும் காத்திருந்த காலத்தில் புற்று காத்திருக்கவில்லை. வைத்தியர்க்கும் இதே நிலைதான். உடன் தொழில்புரிவோர் புலம்பெயர்ந்தனர். சஞ்சிகைகள் வருவது அரிதாயிற்று. நாடெங்கணுமுள்ள நிபுணர் கூடும் மாநாடுகளுக்குச் செல்வது பெரும்பாடாயிற்று. அவ்வாண்டுகளில் யாழ்ப்பாணத்திற் தங்கிநின்று தொழில்புரிந்த சத்திரசிகிச்சையாளரின் நிலை, கைந்நூல் ஒன்றை மட்டும் துணையாகக் கொண்ட கிறீனின் மாணவர் நிலையை ஒருவாறு ஒத்திருந்தது.

இன்று நிலை மாறியுள்ளது. 2011-இல் பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் இடையே நடைபெற்ற நடைபயணத்தில் நாடு முழுவதும் திரட்டப்பட்ட நிதியைக்கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சையாளர் கொழும்பு, சென்னை, இலண்டன் நிபுணரோடு ஒரே வேளையில் ஒரு படத்தைப் பார்த்துக் கலந்துரையாட வல்லவராயுள்ளனர். கப்பலிற் பிரதி அனுப்பிய கிறீன் இதனைக் கண்டால் வியந்திருப்பார்.

ஆனால் நெடுந்தீவிலிருந்து ஒருவர் அச்சிகிச்சையை எவ்வாறு பெறுகின்றார் என்பதைப் படிப்படியாக நோக்குவோம். குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்; கச்சான் காற்றுக் காலத்தில் படகு வராத நாளும் உண்டு. அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம்; பின்பு தெல்லிப்பழை. சத்திரசிகிச்சையின் பின் கதிர்மருந்து வேண்டுமெனில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஆறு வாரங்கள். நாள்தோறும் கடல் கடந்து வந்து திரும்புதல் நடவாது. உறவினர் வீடு இருந்தால் தங்கலாம். இல்லாதவர் சிகிச்சையை இடையிற் கைவிடுகின்ற நிலை ஏற்படலாம்.

வீடு திரும்புகையில் அவர் கையில் நோய்நிர்ணய அட்டை ஒன்று இருக்கும். எந்தப் பகுதி அகற்றப்பட்டது, கழுத்தின் எந்தக் கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன, எத்தனை நாளுக்கொருமுறை வாயைப் பார்க்கவேண்டும், எந்த மாற்றத்தைக் கண்டால் உடனே அனுப்பவேண்டும் என்பன அதில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அட்டையைத் தீவில் முதலிற் பார்க்கக்கூடியவர் குடும்பநல உத்தியோகத்தர். உயர்தரம்வரை உயிரியலைத் தமிழிற் கற்றவர். கன்னம், ஈறு, நாக்கு, நிணநீர்க் கணு என்பவற்றைத் தமிழிலேயே அறிந்தவர். நிபுணரும் நிபுணரும் பேசிக்கொள்ளும் வழிகள் பெருகியுள்ள காலத்தில், அந்த அட்டையின் பின்புறத்தில் நான்கு வரி தமிழில் எழுதுவதற்கு இடம் இருக்கின்றது. 1867-இல் அதற்கான சொற்கள் அச்சிலேறிவிட்டன.